தேதி இல்லாத நாணயம்

பிழையாக அச்சான நாணயம் கையில் கிடைத்தால் லட்சாதிபதிதான் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அப்படியா?

பிரிட்டனின் 20 பென்ஸ் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். 2008-ல் அதன் வடிவமைப்பு மாறியது. அதுவரை பின்பக்கம் இருந்த ஆண்டு, ராணியின் தலை உள்ள முன்பக்கத்துக்கு வந்தது. பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறுதலாக ஜோடி சேர, இரு பக்கமும் ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளியே வந்துவிட்டன! இந்த வகைக்கு 'மியூல்', அதாவது கோவேறு கழுதை என்று பெயர்.

இவை 50,000 முதல் 2,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவ்வளவு இருக்கும்போது விலை எப்படி லட்சத்தைத் தொடும்? பொதுவாகச் சில பத்து பவுண்டுகளுக்குத்தான் போகிறது.

இன்னொன்று. சாதாரண 2008 நாணயத்தில் ஆண்டைச் சுரண்டி எடுத்தால் அந்த இடத்தில் தேய்த்த தடம் தெரியும். அது பிழை அல்ல, சேதம். அதற்கு மதிப்பு வெறும் 20 பென்ஸ்!

ஆகவே பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிழை நாணயச்சாலைக்கு உள்ளே நடந்ததா, வெளியே நடந்ததா? இதைக் கேட்காதவர்களை நம்பித்தான் ஏமாற்று வியாபாரம் நடக்கிறது.