எலிகள் பிழைத்தன, மனிதர்?

"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு பத்திரிகைகளுக்குப் புதியதன்று. ஆனால், அந்த மருந்து பின்னர் என்னவாயிற்று என்று எழுதுவோர் மிகச் சிலரே.

புற்றுநோயாளரில் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது முதலில் தோன்றிய கட்டியன்று. அது ஏனைய உறுப்புகளுக்குப் பரவுவதே. அவ்வாறு பரவ, கலங்களைச் சூழ்ந்துள்ள கொலாஜன் முதலான புரத வேலியைப் புற்றுக்கலங்கள் அறுத்தாக வேண்டும். அறுக்கும் கத்திகள் சில நொதியங்களே. தவளையாக மாறும் வாற்பேயின் வாலில் இத்தகைய நொதியமொன்றை ஜெரோம் குரொஸ், சார்ள்ஸ் லப்பியர் ஆகியோர் 1962இல் இனங்கண்டனர்.

கத்தியைப் பறித்தால் புற்று பரவாது என்ற நம்பிக்கையில் 1990களில் பல நிறுவனங்கள் நொதிய நிரோதிகளை உருவாக்கின. பிரித்தானியாவின் பிரிட்டிஷ் பயோடெக் நிறுவனம் தயாரித்த மரிமாஸ்டாட் அவற்றுள் ஒன்று. எலிகளில் இவ்வகை மருந்துகள் நற்பலன் தந்தன. மனிதரிலோ எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மரிமாஸ்டாட் கடும் மூட்டுவலியையும் தந்தது. பேயர் நிறுவனத்தின் டனோமாஸ்டாட்டை உட்கொண்ட நுரையீரல் புற்றுநோயாளரின் நிலை, வெற்று மாத்திரை உட்கொண்டோரின் நிலையைவிட மோசமாகவே, 1999இல் அப்பரிசோதனை நிறுத்தப்பட்டது.

காரணங்கள் பின்னரே தெளிவாயின. எலிகளுக்கு நோயின் தொடக்கத்திலேயே மருந்து கொடுக்கப்பட்டது. மனிதருக்கோ நோய் முற்றிய பின்னர். மேலும், இக்குடும்பத்தில் 20க்கும் மேற்பட்ட நொதியங்கள் உள்ளன. அவற்றுட் சில புற்றை எதிர்ப்பவை. பகைவனையும் காவலனையும் ஒரே கயிற்றில் கட்டிய கதை இது.

இதனால் நொதியங்களைத் தடுக்கும் வழியே தவறென்று கூறிவிட முடியாது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமான பிறழ்ந்த நொதியத்தைத் தடுத்து, அந்நோயாளரின் ஆயுளையே நீட்டியது. இலக்கு தெளிவாயிருந்தமையே அந்த வெற்றியின் இரகசியம்.

எனவே, புதிய மருந்து பற்றிய செய்தியில் மூன்று தகவல்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும். சோதிக்கப்பட்டது எலியிலா, மனிதரிலா? நோயின் எக்கட்டத்தில்? வேறு சிகிச்சை பெற்றோருடன் ஒப்பிடப்பட்டதா? வெற்றி முதற்பக்கத்தில் வந்திருந்தால் தோல்வியும் அங்கேயே வரவேண்டும். அந்தத் தலைப்பை நம்பிக் காணியை ஈடுவைக்கவும், நடக்கும் சிகிச்சையைக் கைவிடவும் துணியும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு நம்பிக்கையை ஊட்டும் உரிமை எமக்குண்டெனில், உண்மையை முழுமையாகச் சொல்லும் கடமையும் எமக்கே உண்டு.