வினைமுற்று வரும்வரை கை காத்திருக்காது

தமிழில் தொழில்நுட்பம் எழுத முடியுமா என்ற பஞ்சாயத்து எப்போது கூடினாலும் சண்டை கலைச்சொல்லில்தான் தொடங்குகிறது. 'சாஃப்ட்வேர்' என்பதா, 'மென்பொருள்' என்பதா? 'சர்வர்' என்று எழுதினால் மொழி செத்துவிடுமா? இரு தரப்பும் பொழுது சாயும்வரை மோதிவிட்டுக் கலையும். ஆனால் இரு தரப்பும் எழுதும் வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள், ஒரே லட்சணம். முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்கவே மூன்று முறை படிக்க வேண்டும். என் கட்சி இதுதான்: நமக்கு இருப்பது சொற்பஞ்சம் இல்லை, வாக்கியப் பஞ்சம்.

வாட்டர் ஹீட்டரோ மிக்ஸியோ, வாங்கும் பொருளோடு வரும் கையேட்டில் இந்த ரக வாக்கியத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்:

"சாதனத்தின் மேல்மூடியானது பயனரால் திறக்கப்படுவதற்கு முன்பாக மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டிருப்பது உறுதிசெய்யப்பட வேண்டும்."

சொல் எல்லாம் சுத்தத் தமிழ். வாக்கியம் மட்டும் இங்கிலீஷ். ஒரே வரியில் மூன்று 'படு'. யார் துண்டிப்பது, யார் உறுதிசெய்வது? தெரியாது. இதையே ஓர் எலக்ட்ரீஷியன் தன் கையாளிடம் எப்படிச் சொல்வார்? "மெயினை ஆஃப் பண்ணிட்டு மூடியைத் தொறடா." அவ்வளவுதான். முதலில் நடக்க வேண்டியது முதலில் வருகிறது, அடுத்தது அடுத்து வருகிறது. 'பண்ணிட்டு' என்ற வினையெச்சம் வேலையின் வரிசையைத் தானே பிடித்துக்கொள்கிறது. செய்முறை எழுதுவதற்கென்றே செய்ததுபோல் ஒரு கருவி நம் இலக்கணத்தில் இருக்கிறது. அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு 'படு'வைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 'சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்று ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறார்கள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது. நிபந்தனை இருந்தால் அதை முதலில் சொல். இங்கிலீஷுக்கு இதையெல்லாம் விதி போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு 'சிவப்பு விளக்கு எரிந்தால்' என்று நிபந்தனை இயல்பாகவே முன்னால் வந்து நிற்கிறது.

ஆனால் தமிழுக்கென்று ஓர் ஆபத்தும் உண்டு. நம் வினைமுற்று கடைசியில் வரும். 'கூடாது'வும் அதோடு கடைசியில் வரும்.

"பின்பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிவப்பு வயரை உருவி, ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்ய முயலக் கூடாது."

படிக்கப் படிக்கச் செய்துகொண்டே போகிறவர் 'கூடாது'வுக்கு வந்து சேரும்போது வயர் அவர் கையில் இருக்கும். இங்கிலீஷில் தடைச்சொல் முதலிலேயே வந்து கையைத் தட்டிவிடும். தமிழில் தட்டிவிட ஆள் இல்லை. ஆகவே நீள வரம்பு இங்கிலீஷைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. "தகட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே மின்சாரம் இருக்கிறது." இரண்டு வாக்கியம், முடிந்தது.

'ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு அலப்பறையா?' என்பவர்களுக்கு 2003. கொலம்பியா விண்கலம் புறப்படும்போது பெயர்ந்த நுரைக்கட்டி ஒன்று இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு ஸ்லைடு போட்டார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு நிம்மதி தரும் தொனியில் இருந்தது. அதன் அடியில், சின்ன எழுத்தில், உட்பிரிவுக்குள் உட்பிரிவாக ஒரு தகவல்: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்தது 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஸ்லைடுதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது. முழு வாக்கியத்தில் தலைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

'அறிவியல் நடைன்னா கொஞ்சம் கனமாத்தான் இருக்கும் பாஸ்' என்று ஒரு பதில் வரும். கனம் விஷயத்தில் இருக்கட்டும். 'பிழை ஏற்பட்டுவிட்டது', 'தாமதம் உணரப்படுகிறது' என்ற நடையில் கனம் இல்லை, ஒளிவுதான் இருக்கிறது. பொறுப்பேற்க வேண்டிய எழுவாய் அங்கே சுவரேறிக் குதித்து ஓடிவிட்டது.

தமிழில் வரும் தொழில்நுட்பக் குறிப்பை யார் படிக்கிறார்கள் என்று யோசியுங்கள். நானும் என் சக பொறியாளர்களும் இங்கிலீஷில் படித்துத் தப்பித்துவிடுவோம். பூச்சிமருந்து பாட்டிலோடு வரும் துண்டுத்தாளை வயலில் நின்று பிரிக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. வீட்டில் அம்மாவுக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொள்ளும் மகளுக்குக் கிடையாது. நாவலில் ஒரு வாக்கியம் சொதப்பினால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போகலாம். இவர்களால் மூடிவைக்க முடியாது. அந்த வாக்கியத்தை நம்பித்தான் கையை நீட்டுகிறார்கள்.

எனவே கலைச்சொல் குழுக்களுக்கு ஒரு கோரிக்கை. அகராதி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, எழுதியதை அந்த வேலையைச் செய்கிறவர் முன்னால் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். எந்தச் சொல்லில் அவர் கை தயங்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள். 'சர்வர்' என்றே இருந்துவிட்டுப் போகட்டும், பரவாயில்லை. யார், எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது மட்டும் தமிழில் இருக்கட்டும்.