எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். காரமும் இருக்கும். வகுப்பில் வாங்கிய திட்டு பழகிப்போனவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், பையன் ரைபிள் சுடப் பழகுறான். ஸ்கோப் வாங்கித் தரணும். 100 மீட்டர்ல குண்டு பட்ட துளை பளிச்சுனு தெரியணும். 24 எக்ஸ் போதுமா, 40 எக்ஸ் வேணுமா?" அதில் ஒருவர் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கப் போகிறாராம். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கேள்வியே தப்பு. அந்தத் தப்புக் கேள்வியை உங்கள் வாயில் ஊட்டியவர்கள் விற்கிறவர்கள்.

முதலில் ஒன்று. உங்கள் பிள்ளை ஒலிம்பிக் வழியில் ரைபிள் போட்டிக்குப் போக வேண்டும் என்றால், துப்பாக்கி மேல் ஸ்கோப்புக்கு இடமே கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைபிளாகட்டும், 50 மீட்டர் ரைபிளாகட்டும், தொலைநோக்கிப் பார்வைக்கருவி பொருத்தக் கூடாது என்பது விதி. பின்னால் ஒரு சின்ன ஓட்டை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அப்படித்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012ல் லண்டனில் வெண்கலம் வாங்கியது அப்படித்தான். நம் பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போய்ச் சுட்டதும் அப்படித்தான். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் அரை மில்லிமீட்டர். அதை லென்ஸ் உதவி இல்லாமல் குறி வைக்கிறார்கள். பெரிய போட்டிகளில் குண்டு எங்கே பட்டது என்று பக்கத்தில் இருக்கும் திரை காட்டிவிடும். இந்தப் பிள்ளைக்கு 40 எக்ஸ் ஸ்கோப் எதற்கு? அந்தப் பணத்தில் குண்டு வாங்கிக் கொடுங்கள், நல்ல பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

இரண்டாவது விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப் வழியாகத் துளையைப் பார்ப்பது என்றால் என்ன அர்த்தம்? குழலை அந்தத் திசையில் நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இலக்கு அட்டையை மாற்ற ஒருவன் அங்கே போய் நிற்பான். என்னோடு என்சிசியில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஆள் முன்னே நடக்கிறான் என்றால் எல்லா ரைபிளும் தரையில், போல்ட் திறந்தபடி, யார் கையும் அதன் மேல் படக் கூடாது. "சார், குண்டு இல்ல சார், சும்மா பார்த்தேன்" என்றவனைக் கூடாரத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அன்றைக்கு அவனுக்குச் சுடுதலே கிடையாது. துளையைப் பார்க்கத் துப்பாக்கியைத் தூக்கும் பழக்கம் ஒரு நாள் இல்லை ஒரு நாள் மனிதனைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும்.

"நல்ல கண்ணாடியாக இருந்தால் 25 எக்ஸ் ஸ்கோப்பிலேயே 100 மீட்டர் துளை தெரிகிறதே, எதற்கு ரெண்டு கருவி?" என்று உரிமம் வாங்கி மேசையில் ஊன்றிச் சுடும் ஒரு மாணவர் கேட்டார். தெரியும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரைபிள் ஸ்கோப்பின் வேலை குறி வைப்பது. துளை பார்ப்பது வேறு வேலை. அதற்கென்று தனியாக ஸ்பாட்டிங் ஸ்கோப் இருக்கிறது. மூன்றுகால் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கும். 50 மீட்டர், 300 மீட்டர் போட்டிகளில்கூட துப்பாக்கியில் ஒட்டாத தொலைநோக்கிக்கு அனுமதி உண்டு. அதில் பார்ப்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை.

இப்போது இந்த எக்ஸ் மோகத்துக்கு வருவோம். செல்போனில் மெகாபிக்சல் பார்த்து ஏமாந்த கூட்டம் இங்கே எக்ஸ் பார்த்து ஏமாறுகிறது. கணக்குப் போடுவோம். நல்ல கண் 100 மீட்டரில் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் அளவைத்தான் பிரித்துப் பார்க்கும். பாயிண்ட் டூ டூ குண்டின் குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். 29ஐ 5.6ஆல் வகுத்தால் 5 சொச்சம். அதாவது ஏட்டுக் கணக்குப்படி 5 எக்ஸ் போதும். நடைமுறையில் காகித நார் விரிந்து துளையைப் பாதி மூடிவிடும், கை ஆடும், வெளிச்சம் குறையும். அதனால் மூன்று நான்கு மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். 15, 20 எக்ஸ். முடிந்தது கதை. 40 எங்கே வந்தது?

பெருக்கத்தைக் கூட்டினால் இலவசமாக எதுவும் வராது. முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 50 எக்ஸ் வைத்தால் 1 மில்லிமீட்டர் கற்றை. பகலில்கூட உங்கள் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறந்திருக்கும். படம் இருட்டடித்துப் போகும். பெரிதாகத் தெரியும், ஆனால் தெளிவாகத் தெரியாது.

நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவது முன் லென்ஸின் விட்டமும் தரமும்தான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு நான் கூட்டிப் போன பிள்ளைகளைக் கேட்கிறேன். 1986ல் திறந்த அந்தப் பெரிய தொலைநோக்கியை என்னவென்று சொன்னார்கள்? 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று. அது ஆடியின் விட்டம். விண்மீனையே ஆராய்கிறவர்கள் விட்டத்தைச் சொல்கிறார்கள், பெட்டிக்கடைக்காரர்தான் எக்ஸ் சொல்கிறார்.

எக்ஸ் சொல்வதிலும் நேர்மை இல்லை. என் மைத்துனர் மகன் வாங்கிய ஒரு ஒற்றைக்கண் தொலைநோக்கியில் '40 எக்ஸ் 60' என்று அச்சடித்திருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன். முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கண் வைக்கும் பக்கம் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். அது 5 மில்லிமீட்டர். 40ஐ 5ஆல் வகுத்தால் 8. எட்டை நாற்பது என்று விற்றிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு, ஒரு ஸ்கேல், இவ்வளவும் போதும் திருட்டைப் பிடிக்க.

அடுத்து நம் ஊர் வெயில். சித்திரை மத்தியானம் கிரிவலப் பாதையில் தார் மேல் கானல் ஓடுவதைப் பார்க்காதவர் யார்? சூடேறிய தரைக்கு மேல் காற்று அலைகிறது, ஒளி வளைகிறது, துளை கொதிக்கிற மாதிரி ஆடுகிறது. பெருக்கத்தைக் கூட்டினால் அந்த ஆட்டமும் சேர்ந்து பெருகும். 300 மீட்டரில் ஏட்டுக் கணக்கு 45, 60 எக்ஸ் கேட்கும், மத்தியானக் காற்று அதைத் தராது. எவ்வளவு விலை கொடுத்தாலும் காற்றை விலைக்கு வாங்க முடியாது. காலை ஆறரைக்குப் போங்கள், இல்லையென்றால் பெருக்கத்தைக் குறையுங்கள். ராணுவத்தின் நீண்ட தூர ரேஞ்சுகளில் இலக்குக்குக் கீழே பள்ளத்தில் ஆள் இருந்து, கோலில் தட்டு வைத்துக் குண்டு பட்ட இடத்தைக் காட்டும் வழக்கம் ஏன் இத்தனை காலம் இருந்தது என்று யோசியுங்கள்.

கடைசியாக, யாருமே யோசிக்காத விஷயம், காகிதம். கார்த்திகை தீபத்தன்று பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மொட்டை மாடியில் நின்றாலும் 2668 அடி மலை உச்சியில் எரியும் தீபம் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. அதே இடத்திலிருந்து பகலில் அந்த ஆளுயரக் கொப்பரையைக் காட்டுங்கள் பார்ப்போம்! இருட்டில் வெளிச்சம், அதனால் தீபம் தெரிகிறது. கறுப்பு வட்டத்தில் கறுப்புத் துளை, அதனால் துளை தெரியவில்லை. இது எக்ஸ் குறைபாடு இல்லை, நிற வேறுபாட்டின் குறைபாடு. பயிற்சிக்குக் குண்டு பட்ட இடத்தில் மஞ்சள் வளையம் தெரியும் அட்டைகள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் சின்னக் குறிப்புள்ளி வைத்து, துளை வெள்ளையில் விழும்படி சுடச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கருவி தேவை என்கிறவர்களுக்கு என் யோசனை. துப்பாக்கியில் மாட்டாத ஸ்பாட்டிங் ஸ்கோப். முன் லென்ஸ் 60 முதல் 80 மில்லிமீட்டர். பெருக்கம் 20ல் தொடங்கினால் போதும். ஆடாத ஸ்டாண்ட், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பணம் கட்டும் முன் ஒரு தாளில் பாதியைக் கறுப்பாக்கி, இரண்டு பக்கமும் ஆணியால் 5 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, தெருக்கோடியில் 100 மீட்டர் எட்டி ஒட்டிப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. கடைக்காரர் சோதிக்க விடமாட்டேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கி ரேஞ்சில் பொதுவாக வைத்தாலும் போதும். ஆளுக்கொன்று வேண்டியதில்லை.

சீட்டுப் பணம் எடுத்தவருக்கு மட்டும் ஒரு வார்த்தை. தம்பி, உன் பையன் கடையில் காட்டிய படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறான். அவனுக்கு வேண்டியது அசையாத தோள், அடங்கிய மூச்சு, துப்பாக்கி மேல் பயம் கலந்த மரியாதை. இதில் எதையும் எந்தக் கடையும் விற்பதில்லை. அந்தப் பணத்தை அவன் படிப்புக்கும் பயிற்சிக்கும் வை.

மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கணக்கோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார், திருவண்ணாமலை