நடுக்கடலில் பட்டறை இல்லை

கார் பழுதானால் சாலையோரம் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்கலாம். படகுக்கு அந்த வசதி இல்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கெத்தாம் தீவுப் பக்கமாகச் செல்லும் சிறு படகின் இயந்திரம் பாதி வழியில் நின்றால், படகு நின்ற இடத்தில் நிற்காது. நீரோட்டம் இழுக்கும் திசையில் போகும். அப்பகுதியில் பெருங்கப்பல்கள் வந்துபோகும் தடமும் உண்டு. விடியற்காலையில் திடீரென வீசும் 'சுமத்ரா' காற்றும் உண்டு. அந்நேரத்தில், உயிர்காப்பு அங்கிக்கு அடுத்தபடியாகப் படகில் இருப்போருக்குத் துணை நிற்பது உரிமையாளரின் இயந்திர அறிவே.

ஆயினும், பொழுதுபோக்கிற்காகப் படகு வாங்குவோர் பலர் அதை ஓட்டக் கற்பதோடு நின்றுவிடுகின்றனர். "இயந்திரத்தைப் பார்க்கத்தான் மெக்கானிக் இருக்கிறாரே!" என்பது அவர்களது வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சரிசெய்யத் தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை. தெரியாதவர் கை வைத்தால் செலவு இரட்டிப்பாகும். ஆனால், படகைக் கடலில் நிறுத்தும் கோளாறுகளில் பல அவ்வளவு ஆழத்தில் இருப்பதில்லை.

1890களில் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய இவ்வகை இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று மிகுந்த அழுத்தத்திற்கு உள்ளாகிச் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே எரிகிறது. தூய எரிபொருள், காற்று, குளிர்விக்கும் நீர், நல்ல எண்ணெய் ஆகியவை தடையின்றிக் கிடைத்தால் அது எளிதில் நிற்பதில்லை.

சிக்கல் பெரும்பாலும் அந்தத் 'தூய' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. பாதி நிரம்பிய தொட்டியில், நம் நாட்டு ஈரக்காற்று குளிர்ந்து நீராகப் படியும். டீசல் நீரைவிட இலேசானது. எனவே, நீர் அடியில் தங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கருநிறப் பாசிபோல் படர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும். வடிகட்டியின் அடியில் சேரும் நீரை அவ்வப்போது திறந்துவிட்டாலே இதனைப் பெரிதும் தவிர்க்கலாம். வடிகட்டியை மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதும் அவசியம். திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்த வேண்டும். படகுத்துறையில் ஒருமுறை செய்து பழகியவருக்கு இது சிறு வேலை. ஆடும் படகில், டீசல் நெடியில், முதன்முறையாகச் செய்பவருக்கோ தலைசுற்றல்தான் மிஞ்சும்.

குளிர்விக்கும் முறையும் அப்படியே. கடல்நீரை உள்ளிழுக்கும் பம்பினுள் 'இம்பெல்லர்' என்னும் சிறிய ரப்பர்ச் சக்கரம் சுழல்கிறது. நெகிழிப் பை ஒன்று நீர்வழியை அடைத்தாலும், வால்வைத் திறக்க மறந்தாலும், நீரின்றிச் சுழன்று அதன் இதழ்கள் கிழியும், இயந்திரம் கொதிக்கும். புதியதைப் பொருத்தினால் மட்டும் போதாது, கிழிந்த துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். இல்லையேல் அவை குழாயில் சிக்கி மீண்டும் நீரைத் தடுக்கும். பல படகுகளில், இயந்திரத்தை முடுக்கியதும் புகைக்குழாய் வழியே நீர் வெளிவருகிறதா என்று எட்டிப் பார்ப்பதே போதிய முன்னெச்சரிக்கை. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. இவற்றைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவர், கரையிலுள்ள மெக்கானிக்கின் வேலையையும் பாதியாகக் குறைக்கிறார்.

மீனவக் குடும்பங்களில் இக்கல்வி தந்தையிடமிருந்து பிள்ளைக்குத் தானாகவே வந்து சேர்கிறது. வார இறுதியில் மட்டும் கடலுக்குச் செல்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிரிட்டனில் ராயல் யாட்டிங் அசோசியேஷன் படகுக்காரர்களுக்கென்றே ஒருநாள் டீசல் இயந்திரப் பயிற்சியை வகுத்துள்ளது. இங்குள்ள படகு மன்றங்களும் அதுபோன்ற பயிற்சியை ஓட்டுநர் வகுப்போடு சேர்த்தே நடத்தலாம். அதற்கு எழுத்துத் தேர்வு வேண்டாம். துறையில் கட்டிய தம் சொந்தப் படகில், மெக்கானிக் கைகட்டி அருகில் நிற்க, உரிமையாளரே இம்பெல்லரைக் கழற்றி மாட்டிக் காட்டட்டும்.