பேய்க்கதை எழுதுற பிள்ளையோட நோட்டைப் பிடுங்காதீங்க!

பேய்க்கதை எழுதுகிற பிள்ளையைப் பார்த்தால் தமிழ்நாட்டில் மூன்று பேருக்குக் கோபம் வரும்.

முதல் ஆள், வீட்டுப் பெரியவர். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன கருமத்தைடா எழுதி வச்சிருக்க?" இரண்டாவது ஆள், தன்னம்பிக்கைப் பேச்சாளர். அவருக்கு உலகத்தில் எல்லாமே பாசிட்டிவாக இருந்தாக வேண்டும். மூன்றாவது ஆள், இலக்கியவாதி. "பேய்க்கதையா? அது பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குற சரக்காச்சே" என்று உதட்டைப் பிதுக்குவார். வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்த மூன்று பேரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டணி. தேர்தல் கூட்டணியை விட உறுதியான கூட்டணி :)

ஆனால் மூன்று பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளை ஏன் அதை எழுதுகிறது?

எழுதுகிற எல்லாருக்கும் காயம் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. சும்மா ஜாலிக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் காயம் பட்டவர்களும் இருக்கிறார்கள். கண் முன்னால் விபத்தைப் பார்த்தவன் இருப்பான். தெரிந்த ஆள் ஒருவராலேயே தொல்லைக்கு ஆளாகி யாரிடமும் சொல்ல முடியாமல் போனவள் இருப்பாள். அவர்களிடம் போய் "என்ன நடந்துச்சுன்னு மனசு விட்டுச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் "ஒரு வீடு, அந்த வீட்டு மாடிப்படியில் தினமும் ராத்திரி காலடிச் சத்தம்" என்று ஆரம்பித்தால் பத்துப் பக்கம் ஓடும். காலடிச் சத்தம் யாருடையது என்பது எழுதுகிறவளுக்குத் தெரியும். படிக்கிறவருக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த மறைப்பு இருப்பதால்தான் அவளால் எழுதவே முடிகிறது.

"இதெல்லாம் கதைக்கு உதவும், மனசுக்கு உதவுமா?" என்று கேட்பவர்களுக்கு ஆராய்ச்சியே பதில் சொல்லியிருக்கிறது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 1986-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு, தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிஷம், வாழ்க்கையின் மிக மோசமான அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய நாட்களில் மனசு கனத்துத்தான் போனார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் சாதாரண விஷயங்களை எழுதியவர்களை விடக் குறைவாகவே ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்கள்.

சரி, இது நடந்ததை எழுதுவது. கற்பனைக்கு என்ன ஆதாரம்? 1996-ல் கிரீன்பெர்க், வோர்ட்மன், ஸ்டோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். ஏற்கனவே காயம் பட்ட மாணவிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு தனக்கு நடந்த துயரத்தை எழுதியது. இன்னொரு பிரிவு தனக்கு நடக்காத, கற்பனையான ஒரு துயரத்தைத் தனக்கே நடந்ததாக நினைத்து எழுதியது. மூன்றாவது பிரிவு ஏதோ சாதாரண விஷயம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நிஜத்தை எழுதியவர்களும் சரி, கற்பனையை எழுதியவர்களும் சரி, மூன்றாவது பிரிவை விடக் குறைவாகவே நோய் என்று டாக்டரிடம் போயிருந்தார்கள். எழுதி முடித்த கையோடு பார்த்தபோது கற்பனையை எழுதியவர்களிடம் சோர்வு மனநிலை குறைவு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் நிஜத்தை எழுதியவர்களுக்குத்தான் களைப்பு அதிகம்.

அதாவது, இட்டுக்கட்டிய துயரமும் வேலை செய்கிறது. மூன்று பேர் கூட்டணிக்கு இதை விட என்ன ஆதாரம் வேண்டும்?

அந்த ஆய்வுக்கு 180 வருஷம் முன்னாடியே ஒரு பதினெட்டு வயசுப் பெண் இதைச் செய்து காட்டிவிட்டாள். மேரி ஷெல்லி. பிறந்த சில நாட்களிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள். 1815-ல் அவளுடைய முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து சில நாட்களில் செத்துப்போனது. அந்தக் குழந்தையை நெருப்புப் பக்கம் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டதாகக் கனவு கண்டதை அவளே டைரியில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வருஷம், 1816-ல், செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கிற ஒரு விஞ்ஞானியின் கதையை ஆரம்பித்தாள். 1818-ல் அது 'பிராங்கன்ஸ்டைன்' என்று புத்தகமாக வந்தது. அன்றைக்கு நம்மூர்ப் பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் நோட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருப்பார்.

"பேய்க்கதை எல்லாம் ஒரே டெம்ப்ளேட்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. பாழடைந்த வீடு, அமாவாசை, புளியமரம், பாதியில் ஒரு பிளாஷ்பேக். உண்மைதான். ஆனால் அந்த டெம்ப்ளேட்தான் உதவியே. இதைப் புரிந்துகொள்ள விருத்தாசலம் வரைக்கும் வந்தால் போதும்.

விருத்தாசலம் செராமிக் ஊர். பொம்மை, பியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று பீங்கான் சாமான் செய்து பேர் வாங்கிய ஊர். அங்கே பொம்மை எப்படிச் செய்கிறார்கள்? களிமண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்தால் அதைக் கையில் பிடிக்க முடியாது, ஒழுகிப் போகும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றினால், அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓரமாக ஒரு கனம் படியும். மிச்சக் கூழை வெளியே கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை நிற்கும். அச்சு எல்லாருக்கும் ஒன்றுதான், அதில் யாரும் வெட்கப்படுவதில்லை. மனசுக்குள் இருக்கிற பயமும் கூழ்தான், அதற்கு எல்லை கிடையாது. காலையிலும் வரும், பரீட்சை ஹாலிலும் வரும். ஆனால் கதையில் வரும் பேய்க்குச் சட்டதிட்டம் உண்டு. இந்த நேரத்தில் வரும், இந்த மரத்தைத் தாண்டாது, இதைச் செய்தால் போய்விடும். எங்கே ஆரம்பிக்கும் எங்கே முடியும் என்று எழுதுகிறவளே தீர்மானிக்கிறாள். நிஜத்தில் அவளுக்குக் கிடைக்காத அதிகாரம் அது.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். இருப்பாய்வு இடிக்கிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. என்ன செய்வார்கள்? வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் கள்ளக்கணக்கு இல்லை. தப்பு பிடிபட்டதும் அந்தக் கணக்கை முடிப்பார்கள். பேய்க்கதையும் அனாமத்துக் கணக்குதான். இன்றைக்குச் சொந்தப் பெயரில் எழுத முடியாததை வேறு தலைப்பில் எழுதி வைக்கிறார்கள். (சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்!)

"எழுதினா எல்லாம் சரியாயிடுமா?" என்று நக்கல் அடிப்பவர்கள் மறுபடியும் விருத்தாசலத்துக்கே வரட்டும். பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே வருகிறவர்கள் குறையை ஒரு தாளில் மனுவாக எழுதி முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பிராது கட்டுவது என்று பெயர். களவு போனது, ஏமாந்தது, வீட்டுச் சண்டை என்று மனுஷனிடம் சொல்ல முடியாத எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். அதை யாரும் மூடநம்பிக்கை வியாதி என்று சொல்லிப் பேனாவைப் பிடுங்குவதில்லை. பெரியவர் சாமிக்கு எழுதினால் பக்தி, பிள்ளை பேய்க்கு எழுதினால் கிறுக்கா? என்னய்யா நியாயம் இது?

பேய் என்பதே பிராது வாங்கப்படாத ஆள்தானே. நம்மூர்ப் பேய்க்கதைகளை எடுத்துப் பாருங்கள். பேயாக வருகிறவர் பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர், கேட்க நாதி இல்லாதவர். 2003 ஜூலையில் இதே விருத்தாசலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தலித் இளைஞருக்கும் அவர் மனைவிக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். 18 வருஷம்! தண்டனை வாங்கியவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. 2025 ஏப்ரலில்தான் சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தது. இப்படி ஒரு வட்டாரத்தில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பயம் கதைப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பயம் ஏற்கனவே ஊருக்குள் இருக்கிறது. அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் ஊர்ச் சட்டம். நேராகப் பேச முடியாத இடத்தில் சுற்றி வளைத்துப் பேசக் கதை ஒன்றுதான் மிச்சம்.

ஜப்பானிலும் இதுதான் நடந்தது. 2011 சுனாமிக்குப் பிறகு இஷினோமாகி ஊரில் டாக்சி டிரைவர்களிடம் ஒரு கல்லூரி மாணவி பேட்டி எடுத்தார். செத்தவர்கள் வண்டியில் ஏறியதாகச் சில டிரைவர்கள் சொன்னார்கள். அதைப் பயமாக இல்லாமல் மரியாதையாகச் சொன்னார்கள் என்பதுதான் விசேஷம். சொந்த பந்தங்களை இழந்த ஊர், செத்தவர்களை இன்னொரு தடவை வண்டியில் ஏற்றி வீட்டில் விட நினைக்கிறது. 2004 சுனாமியில் நூற்றுக்கணக்கில் பறிகொடுத்த கடலூர் மாவட்டத்துக்கு இது புரியாதா என்ன?

இப்போது மூன்றாவது ஆளான இலக்கியவாதிக்கு. அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் புதுமைப்பித்தனின் சொந்தப் பெயரே விருத்தாசலம்தான். பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூர், 1906-ல். அவர் எழுதியதில் 'காஞ்சனை' (1943) என்ன கதை? பேய்க்கதை. எட்டு வயதில் அம்மாவை இழந்தவர் என்பதால் அதை எழுதினார் என்று நேர்க்கோடு போடுவது சோம்பேறித்தனம். ஆனால் பேய்க்கதை மட்டம் என்கிறவர் முதலில் காஞ்சனையை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே போடட்டும், பார்க்கலாம். விருத்தாசலத்தில் வசிக்கும் இமையம் எழுதிய 'செல்லாத பணம்' நாவலில் பேய் இல்லை, தீக்காய வார்டு இருக்கிறது. பல பேய்க்கதைகளை விட அது பயங்கரம். 2020-க்கான சாகித்ய அகாதமி விருது அதற்குத்தான். பயங்கரத்தை எழுதினால் இலக்கியம் தீட்டாகிவிடும் என்பதெல்லாம் சும்மா ஜல்லி.

இதோடு சேர்த்து எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு குட்டு வைத்தாக வேண்டும். காயம் பட்டவர் தன் காயத்தைப் பேயாக்குவது வேறு. அடுத்தவர் காயத்தை எடுத்து, பாதி எரிந்த முகத்தோடு ஒரு பெண்ணைத் திரையில் ஓடவிட்டு டிக்கெட் விற்பது வேறு. 'காஞ்சனா' (2011) ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு தமிழ் சினிமாவில் வரிசை கட்டி வந்த பேய்ப் படங்களில் எத்தனையில் அந்தச் செத்த பெண்ணின் வலி நிஜமாகக் கேட்கிறது? முதல் பாதியில் அவளைப் பார்த்து அலறல், இரண்டாம் பாதியில் அவளுக்காகக் கண்ணீர், கடைசியில் அடுத்த பாகத்துக்கு ஒரு சிரிப்பு. அதைக் காட்டி "பேய்க்கதையே இப்படித்தான்" என்று எழுதுகிற பிள்ளையை அடிப்பது அநியாயம்.

இன்னொன்று. எழுத்து மருந்துக்கடை இல்லை. 2006-ல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எழுதுவதால் பலன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது என்றுதான் தெரிந்தது. எழுதினால் தாங்க மாட்டோம் என்று தோன்றினால் அந்த விஷயத்தை எழுத வேண்டாம் என்று சொல்கிறவரும் பென்னிபேக்கரே. செராமிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஈரம் காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். நேற்று நடந்ததை இன்றைக்கே எழுது என்று யாரையும் பிடித்துத் தள்ளக் கூடாது. தூக்கம் போய், சாப்பாடு போய், சாவு நினைப்பு வந்தால் கதை போதாது, டாக்டர்தான் வேண்டும். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். கதை எழுதுவதும் டாக்டரிடம் போவதும் ஒன்றுக்கொன்று சக்களத்தி இல்லை.

ஆக, கூட்டணிக் கட்சிகள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. வீட்டுப் பெரியவர் நோட்டைக் கிழிக்காமல் இருந்தால் போதும். தன்னம்பிக்கைப் பேச்சாளர் "நல்லதை மட்டும் நினை" என்பதை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கலாம். இலக்கியவாதி படிக்காமல் மார்க் போடுவதை விடலாம். ஆசிரியராக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கதையில் வரும் பேய்க்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். "இது உனக்கு நடந்ததா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி வந்தால் நோட்டு மூடிவிடும். பேயைப் பற்றிக் கேட்டால் பிள்ளை பேசும். என்றைக்காவது ஒருநாள், பேயை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றியும் பேசும். பேசாவிட்டாலும் பரவாயில்லை. கதையை ஒருவர் கடைசி வரி வரைக்கும் படித்தார் என்பதே சில பேருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிராது ஏற்கப்பட்ட மாதிரி.