விமானந்தாங்கிக் கப்பல் மட்டும் போதுமா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்குக் கடல் தூரத்து விஷயமல்ல. விழிஞ்ஞம் துறைமுகம் நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே இருக்கிறது. 2025 மே 2-ந் தேதி பிரதமர் அதைத் திறந்து வைத்தார். சர்வதேசக் கப்பல் பாதை அங்கிருந்து சுமார் 10 கடல் மைல்தான். பொழியூர் மீனவர்களின் பிழைப்பும் அந்தக் கடலில்தான். யுத்தம் என்று வந்தால் அதை யார் காப்பது?

கொச்சியில் கட்டிய விக்ராந்த் இருக்கிறதே என்பார்கள். 2022 செப்டம்பர் 2-ந் தேதி கடற்படையில் சேர்ந்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் நமக்குப் பெருமையே. ஆனால் கப்பல் மட்டும் போதாது என்பதற்கு 1942 ஏப்ரல் மாதம் சாட்சி.

விமானமில்லாத கப்பல்

அந்த மாதம் ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகள் இலங்கையை நெருங்கின. 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் வேறொரு ஜப்பானியக் கப்பலின் விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்தனர். 9-ந் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கியான ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அதில் ஒரு விமானம்கூட இல்லை. முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

பிரிட்டிஷ் தளபதி சோமர்வில்லிடம் இன்னும் இரண்டு பெரிய விமானந்தாங்கிகள் இருந்தன. ஆனால் எதிரி இருக்குமிடம் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆகவே நம் கடலில் விமானந்தாங்கிகள் மோதிக்கொள்ளவில்லை. அத்தகைய முதல் போர் அடுத்த மாதம் பவளக் கடலில் நடந்தது. இரு தரப்புக் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணால் காணாமலேயே, விமானங்கள் மூலம் போரிட்டன.

ஜூன் மாதம் மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. அவற்றில் மூன்று, கொழும்பைத் தாக்கியவை. அமெரிக்கர் ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை முன்பே படித்து, வரும் இடமறிந்து காத்திருந்ததே வெற்றிக்கு முக்கிய காரணம். முதலில் பார்த்தவன் பிழைத்தான்.

கண்ணும் சிறகும்

1971-ல் பழைய விக்ராந்தின் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. பாகிஸ்தானிடம் விமானந்தாங்கி கிடையாது. விக்ராந்தைத் தேடி வந்த காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது.

எதிர்காலம் அத்தனை சுலபமாக இராது. சீனா 2025 நவம்பரில் மூன்றாவது விமானந்தாங்கியைச் சேர்த்துவிட்டது. விக்ராந்த், விக்ரமாதித்யா என நம்மிடம் இரண்டு. மூன்றாவது வேண்டுமென்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் விக்ராந்துக்கு 2009-ல் அடித்தளம் இட்டுச் சேவையில் சேர 13 ஆண்டுகள் ஆயின. இந்தக் கப்பல்களுக்காக 26 ரஃபேல் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2025 ஏப்ரலில்தான்.

ஆகவே புதிய கப்பலுக்கு முன், இருக்கும் கப்பல்களுக்குப் போதிய விமானங்களும், துணைக் கப்பல்களும், அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறப்பவை போன்ற கண்காணிப்பு விமானங்களும் வேண்டும். இவை இல்லாவிட்டால் எத்தனை பெரிய கப்பலும் ஹெர்மிஸ்தான்.