இது தாத்தா குரல் இல்லை

காமன் கூத்துப் பாட்டு பதிந்த ஒரு பழைய கேசட். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து அலமாரிக்குள் கிடந்தது. அதை எம்பி3 ஆக்கி, எங்கள் நண்பனின் அப்பாயிக்குப் போனில் போட்டுக் காட்டினோம். அழுவாங்கன்னு நினைச்சோம். இரண்டு நிமிஷம் கேட்டுட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாங்க: "இது ஒங்க தாத்தா கொரலு இல்லப்பா. யாரோ எளவட்டப் பய பாடுறான்."

கேசட்டில் தப்பில்லை. தப்பு எங்களுடையது.

கணினியில் பதியும்போது ஒலி ஒரு செக்கனுக்கு 44,100 துண்டுகளாக எழுதப்பட்டிருந்தது. நாங்கள் மாற்றியபோது அது 48,000 என்று குறிக்கப்பட்டுவிட்டது. துண்டுகள் அதேதான், ஓட்டம் மட்டும் வேகம். 30 நிமிஷப் பக்கம் ஏறக்குறைய 27 நிமிஷம் 34 செக்கனில் முடிந்தது. குரல் முக்கால் கட்டை அளவுக்கு மேலே போனது. அறுபது வயது மனுஷன் இளவட்டமானது இப்படித்தான்.

நாங்கள் முதலில் செய்த வைத்தியம் இன்னும் மோசம். ஓடாசிட்டியில் 'டெம்போ'வைக் குறைத்தோம். நேரம் சரியாகிவிட்டது, குரல் அப்படியே கீச்சென்றுதான் இருந்தது. யூடியூபில் 1.5 வேகத்தில் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேகத்தை மாற்றினால் குரல் மாறாது என்று பழகிவிட்டோம். கேசட்டில் அது நடக்காது. அங்கே வேகமும் சுருதியும் ஒட்டிப் பிறந்தவை, இரண்டையும் சேர்த்துத்தான் திருத்த வேண்டும். பதிவின் எண்ணை 44,100க்கே திருப்பினோம். குரல் இறங்கியது.

ஆனாலும் கடைசிப் பத்து நிமிஷத்தில் பாட்டு மெல்ல மெல்ல ஓட ஆரம்பித்தது. இதற்குக் காரணம் கணினி இல்லை, பற்றரி. கேசட்டின் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். பதியும்போது பற்றரி இறங்கினால் நாடா மெதுவாக நகரும். அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் பாட்டு வேகமாகக் கேட்கும். கரண்டில் பதிந்த கேசட் என்றால் சில நேரம் பின்னணியில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இருக்கும். அது 53இல் கேட்டால் பதிவு ஆறு வீதம் வேகம் என்று கணக்குப் போடலாம். எங்கள் கேசட்டில் அந்த இரைச்சலே இல்லை. பதிந்த காலத்தில் அந்த லயத்துக்குக் கரண்டே வரவில்லை. தப்பின் ஓசையை வைத்துப் பார்க்கலாமா என்றால், தப்பு நெருப்பில் காயக் காய அதன் சுருதியும் ஏறும். அதுவும் அளவுகோல் ஆகாது.

மிச்சம் இருந்தது அப்பாயியின் காதுதான். பக்கத்தில் உட்கார வைத்து, டைம் டிராக்கில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். "இன்னும் கொஞ்சம்... ம்ம், இப்ப அவுக மூச்சு வாங்குறாக" என்ற இடத்தில் நிறுத்தினோம்.

இது நமக்கு மட்டும் வந்த வினை இல்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் ப்ளூ' 1959இல் வந்தது. பதிந்த கருவி மெதுவாக ஓடியதால் அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் பல ஆண்டுகள் கூடிய சுருதியிலேயே விற்றது. 1992இல்தான் திருத்தினார்கள். அதுவும் முடிந்தது, அன்று பக்கத்தில் ஓடிய இன்னொரு கருவியின் நாடாவைப் பத்திரமாக வைத்திருந்ததால். அவர்களுக்கு இரண்டாவது நாடா இருந்தது. நமக்கு இருப்பது ஒரு கேசட், அதுவும் பூஞ்சணம் பிடித்தது.

சி.வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். சொற்கள் தப்பின. எந்த இடத்தில் இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் என்பது இந்தக் கேசட்டுகளில்தான் இருக்கிறது. அவசரத்தில் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அந்தத் தப்பான குரல்தான் காமன் கூத்து.

ஆகவே கேசட் மாற்றும் தோழர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறோம். முதல் பதிவைத் திருத்தாமல் வேவ் கோப்பாகத் தனியாக வையுங்கள், எம்பி3 பிறகு பார்க்கலாம். எதை, எவ்வளவு மாற்றினீர்கள் என்று கூடவே எழுதி வையுங்கள். வெளியே விடும் முன், அந்தக் குரலோடு வாழ்ந்த ஒருவரைக் கேட்க வையுங்கள். மென்பொருளை அடுத்த வருஷமும் இறக்கலாம். அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. கேசட்டின் இரண்டாவது பக்கத்தோடு வாற ஞாயிறு மறுபடியும் போகிறோம்.